மெட்டும் ஒலியும்: 'மடை திறந்து' என்னும் தமிழ் றப் பாடலை முன்னிறுத்தி ஒரு நோக்கு

1

தமிழில் அச்சேறிய பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், பாடலின் தலைப்பருகே 'இன்ன பாட்டின் மெட்டு' என்றொரு குறிப்பைக் காணத் தவறார். சிந்து, கும்மி, நாடகப் பாட்டு, அரசியல் மேடைப் பாட்டு ஆகிய பலவற்றிலும் இக்குறிப்பு வரும். மக்கள் ஏற்கெனவே அறிந்த இசை வடிவத்தில் புதிய சொற்களை ஏற்றிப் பாடுதல் நமது மரபில் இழுக்காகக் கருதப்பட்டதில்லை. எந்த மெட்டு எனச் சொல்லிவிடுதலே போதிய நாணயமாகக் கொள்ளப்பட்டது.

மன்னார்ப் பிரதேசத்துக் கத்தோலிக்கக் கூத்துக்கள் இவ்வழக்கின் சிறந்த எடுத்துக்காட்டுக்களாகும். மாதோட்டப் பாங்கு எனவும் யாழ்ப்பாணப் பாங்கு எனவும் இருவகைப்படும் இக்கூத்துக்களில், புனிதர் ஒருவரின் வரவுப் பாட்டும் கொடுங்கோல் அரசன் ஒருவனின் தருவும் புதிதாய்ப் பிறந்த இசையில் அமைந்தனவல்ல. தலைமுறை தலைமுறையாக அண்ணாவிமாரின் நாவில் நின்ற இசை அச்சுக்களிற் புலவர் சொல்லை வார்த்தார். ஏட்டிற் பாடல் இருந்தது. இசையோ அண்ணாவியாரின் தொண்டையில் இருந்தது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களிலும் இதுவே நிலை. ஒருவர் முன்னெடுக்க ஏனையோர் பின்னெடுக்கும் அப்பாடல்களை இன்னார் இயற்றினார் என எவரும் உரிமை கோரியதில்லை.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பிரதேசத்தில் அமைந்த அரிப்பு இத்தகைய கரையோரக் கிராமங்களுள் ஒன்று. பழைய கோட்டையின் இடிபாடும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த 'டொறிக்' மாளிகையின் சிதைவும் அங்கு இன்றும் காணப்படுகின்றன. முத்துக்குளிப்பின் செல்வம் அவ்வழியாகவே சென்றது என்பதற்கு அவை சான்று. போர்க்காலத்தில் முசலிக் கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் பின் மீளக் குடியேறினர். வீடுகளோடு பாட்டு மரபும் சிதறுண்ட ஒரு கரையில் நின்று, பழைய பாட்டைக் கொண்டு புதிய பாட்டை ஆக்குதல் என்னும் பொருளை நாம் நோக்க முற்படுகின்றோம். இங்கு எழுப்பப்படும் வினா இதுவே: பழைய ஒலியைக் கையாண்டு புதிய கலை பிறக்கும்போது, அவ்வொலியை முதலில் எழுப்பிய உழைப்பாளிக்கு என்ன கிடைக்கின்றது?

இவ்வினாவுக்குத் தமிழில் வாய்ப்பான எடுத்துக்காட்டு, மலேசியாவைச் சேர்ந்த 'யோகி பி மற்றும் நட்சத்திரா' குழுவினர் 2006 இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பில் இடம்பெறும் 'மடை திறந்து' என்னும் றப் பாடலாகும். அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அது சார்ந்து நிற்கும் ஹிப் ஹொப் என்னும் கலையின் தோற்றத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

2

நியூயோர்க் நகரின் வட பகுதியாகிய புறொங்ஸில், 1950களிலும் 1960களிலும் பெருந்தெருவொன்று குடியிருப்புக்களை ஊடறுத்து அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன, தொழிற்சாலைகள் வெளியேறின. எஞ்சியோர் பெரும்பாலும் வறிய கறுப்பின மக்களும் புவேர்ட்டோ றிக்கோ மக்களுமே. 1975 இல் நகராட்சி நிதி நெருக்கடிக்குள்ளானபோது பாடசாலைகளின் இசைக் கல்வியும் வெட்டப்பட்டது. வாத்தியம் வாங்க இயலாத, வாத்தியம் பயிற்றுவாரும் அற்ற ஒரு தலைமுறைக்கு எஞ்சியிருந்தவை பெற்றோர் வாங்கிவைத்த இசைத்தட்டுக்களும் அவற்றைச் சுழற்றும் கருவிகளுமேயாம்.

யமேக்காவிற் பிறந்து 1967 இற் புறொங்ஸுக்கு வந்த கிளைவ் காம்பெல், 'கூல் ஹேர்க்' என்னும் பெயரில் நடன விருந்துகளில் இசைத்தட்டுக்களை ஒலிக்கச் செய்துவந்தார். 1973 ஓகஸ்ட் 11 இற் செட்ஜ்விக் வீதியின் 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் அவர் நடத்திய விருந்து ஹிப் ஹொப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பாடல் முழுவதிலும் ஆடுவோர் கிளர்ச்சியடைவதில்லை. பாட்டும் குழல்களும் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து நிற்கும் சில வினாடிகளிலேயே அவர்கள் துள்ளி எழுகின்றனர் என்பதை அவர் அவதானித்தார். எனவே ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு கருவிகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும் வேளை மற்றதில் அதனைத் தொடங்கி, சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். அந்த நீட்சியின்மீது ஒலிவாங்கியிற் கூறப்பட்ட சந்தப் பேச்சே வளர்ந்து றப் ஆயிற்று.

அவ்விசைத்தட்டுக்களிற் பல 'சோல்' இசையையும் அதிலிருந்து கிளைத்த 'பங்க்' இசையையும் சார்ந்தவை. கறுப்பினத் தேவாலயப் பாடலும் நகரத்து நடன இசையும் 1950களில் இணைந்ததன் பேறே சோல். அவ்விணைப்பும் மெட்டுக் கடன் வழியாகவே நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. றே சார்ள்ஸ் 1954 இற் பதிவுசெய்த 'ஐ காட் எ வுமன்' என்னும் பாடல் ஒரு தேவாலயப் பாடலின் இசையிற் காதலை ஏற்றியதாகும். பக்தர் சிலர் அதனை நிந்தனை என்றனர். மக்களோ அதனைத் தமதாக்கிக்கொண்டனர். கோயில் முற்றத்தில் வேதக் கதையையும் அரச கதையையும் ஒரே மெட்டில் ஆடிய நமது கூத்து மரபினருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

3

ஹிப் ஹொப் இசைத்தட்டு வடிவம் பெற்றபோது ஏற்பட்ட மாற்றத்தை இரு பாடல்களைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது, 1979 இல் வெளிவந்த 'றப்பர்ஸ் டிலைற்'. சோல் பாடகியாயிருந்த சில்வியா றொபின்சன் தமது நிறுவனத்தின் வாயிலாக இதனை வெளியிட்டார். 'ஷீக்' குழுவினரின் 'குட் டைம்ஸ்' என்னும் அவ்வாண்டுப் பாடலின் இசை அடித்தளத்தைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட வாத்தியக்காரர் மீள வாசித்தனர். அதன்மீது மூன்று இளைஞர் றப் பாடினர். இங்கு எடுக்கப்பட்டது வடிவம். ஒலி புதிதாக எழுப்பப்பட்டது. நமது மொழியிற் கூறின், இது மெட்டுக் கடன். மூலப் பாடலை ஆக்கிய நைல் றொட்ஜேர்ஸும் பேர்னாட் எட்வேட்ஸும் ஆட்சேபித்த பின் அவர்கள் பெயரும் பாடலாக்கியோர் வரிசையிற் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, எறிக் பி, றாகிம் ஆகிய இருவரும் 1987 இல் வெளியிட்ட 'ஐ நோ யூ காட் சோல்'. இதற்குள் ஒலித்துண்டொன்றை எண்ணிலக்க வடிவிற் சேமித்து, வேண்டியவாறு வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் 'சாம்ப்ளர்' என்னும் கருவி இளைஞர் கைக்கு எட்டியிருந்தது. பொபி பேர்ட் என்பவர் ஜேம்ஸ் பிறவுணின் குழுவினருடன் 1971 இற் பாடிய அதே பெயருடைய சோல் பாடலின் துண்டுகள் இதிலே நேரடியாக ஒலிக்கின்றன. இங்கு பேர்ட்டின் மெட்டு மாத்திரம் எடுக்கப்படவில்லை. 1971 இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தோரின் மூச்சும் விரலும் கையும் எழுப்பிய அதே ஒலி, பதினாறு ஆண்டுகளின் பின் இன்னொருவரின் பாட்டுக்கு நிலமாயிற்று.

மெட்டுக்கும் ஒலித்துண்டுக்கும் இடையிலான இவ்வேறுபாடே எமது விளக்கத்தின் அச்சாணியாகும். மெட்டு என்பது பொதுமைப்பட்ட வடிவம். அதனை ஒவ்வொரு பாடகரும் தம் உழைப்பினாற் புதிதாக எழுப்ப வேண்டும். எனவே அது கைமாறுந்தோறும் புதிய உழைப்பைப் பெறுகின்றது. ஒலித்துண்டோ ஒருவரின் குறித்த நாளின், குறித்த கணத்தின் உழைப்பு உறைந்த வடிவம். உழைத்தவர் அங்கில்லாமலே அவ்வுழைப்பு ஆயிரம் முறை மீள வேலை செய்கின்றது. மெட்டைப் பொதுச் சொத்தென விட்டுவிட்ட பழைய அறம் இதற்குப் போதாது.

4

இனி 'மடை திறந்து' பாடலுக்கு வருவோம். இதன் மூலம், பாரதிராஜா இயக்கி 1980 இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்திலுள்ளது. வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது. இசைத்துறையில் உயரத் துடிக்கும், வாய்ப்பற்ற இளைஞன் ஒருவனின் கனவே அப்பாடலின் பொருள். அதன் இசையமைப்பாளரோ, சென்னைக்கு வருமுன்னர்த் தமையனார் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமை இயக்க மேடைகளிற் பாடித் திரிந்தவர்; 1976 இல் 'அன்னக்கிளி' வாயிலாகக் கிராமத்துப் பாட்டின் மணத்தைத் திரையிசைக்குட் புதிதாகக் கொணர்ந்தவர். ஆகவே மூலம் எனப்படுவதும் தனித்துத் தோன்றியதன்று. பெயரறியாத பல தொண்டைகளின் வழியே வந்து சேர்ந்த மரபொன்றின் மீது அது நிற்கின்றது.

தமிழ்த் திரையில் றப் அதற்கு முன்னரே புகுந்துவிட்டது. 1994 இல் வெளிவந்த 'காதலன்' திரைப்படத்தின் 'பேட்டை றாப்' யாவரும் அறிந்தது. எனினும் அது திரைப்படத் தேவைக்காக அமைந்த ஒரு பாடல். திரைப்படத்தைச் சாராது, தாமே எழுதித் தாமே பாடும் இளைஞர் குழுவொன்றின் ஆக்கமாகத் தமிழ் றப்பைப் பரந்த தமிழுலகம் கேட்டது 'வல்லவன்' தொகுப்பின் வாயிலாகவே எனலாம். யோகி பி, டொக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் அதிற் பங்குகொண்டனர். பழைய பல்லவி அடையாளங் காணத்தக்க வடிவில் மீண்டும் மீண்டும் திரும்பி வர, அதனிடையே தமிழ்ச் சந்தப் பேச்சு அடுக்கடுக்காகச் செல்கின்றது. கூல் ஹேர்க் இரு இசைத்தட்டுக்களாற் செய்ததன் தத்துவம் இதுவே: யாவரும் விரும்பிய பகுதியை மீளமீள நிறுத்தி, அதன்மேற் புதிய குரல் ஏறுதல்.

இக்குரல் மலேசியாவிலிருந்து எழுந்தமை தற்செயலன்று. ஆங்கிலேயர் ஆட்சியிற் கோப்பி, கரும்பு, பின்னர் இறப்பர்த் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; கங்காணி முறையிலான ஆட்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இறப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் போகவே, பெருந்தொகையான தோட்டத் தமிழர் நகர ஓரங்களில் ஒதுங்கினர். பெருந்தெருவினால் பெயர்க்கப்பட்ட புறொங்ஸ் மக்களுக்கும் இவர்களுக்கும் மொழியும் நிறமும் வேறாயினும், வாழ்நிலை நெருங்கியது. இத்தகைய சமூகத்துக்கு முந்திய தலைமுறையிடமிருந்து கிடைத்த முதுசம் திரைப்பாடலாகும். புறொங்ஸ் இளைஞருக்கு ஜேம்ஸ் பிறவுணின் இசைத்தட்டு எதுவோ, அதுவே மலேசியத் தமிழ் இளைஞருக்கு இளையராஜாவின் ஒலிநாடா. வாய்ப்பற்ற இசைக் கலைஞனின் கனவைப் பாடிய பாடலையே அவர்கள் தேர்ந்தமை பொருத்தமுடையது. திரைப்படத்திற் கதைமாந்தன் ஒருவனுக்கு உரியதாயிருந்த அக்கனவு, இருபத்தாறு ஆண்டுகளின் பின் பாடுவோரின் சொந்தக் கூற்றாயிற்று. பழைய பாட்டைப் புதுப்பித்தல் என்பதன் உண்மையான பொருள் இங்கே துலங்குகின்றது. யோகி பி பின்னர்த் தமிழ்த் திரைப்பாடல்களிலும் பங்குகொண்டார். 2011 இல் வெளிவந்த 'ஆடுகளம்' அவற்றுள் ஒன்று.

5

இவ்வாறு பயன்படுத்துதல் களவா, ஆக்கமா என்னும் வினா அமெரிக்காவில் 1991 இல் நீதிமன்றத்தின் முன் வந்தது. பிஸ் மார்க்கி என்னும் றப் கலைஞர், கில்பேட் ஓ'சலிவனின் பாடலொன்றிலிருந்து எடுத்த துண்டு பற்றிய அவ்வழக்கின் தீர்ப்பு, களவைத் தடைசெய்யும் வேதாகமக் கட்டளையை நினைவூட்டித் தொடங்கியது. அதன் பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னனுமதி பெறுதல் வழக்கமாயிற்று. பணமுள்ள நிறுவனங்கள் அனுமதி வாங்கின. பணமற்ற இளைஞர் தம் முறையைச் சுருக்கிக்கொண்டனர்.

ஆயின் அக்கட்டளை யாருடைய பொருளைக் காத்தது? ஜேம்ஸ் பிறவுணின் குழுவிற் கிளைட் ஸ்ரபிள்பீல்ட் என்னும் தாளக் கலைஞர் இருந்தார். 1969 நவம்பரிற் பதிவாகி 1970 இல் வெளிவந்த 'பங்கி ட்றம்மர்' என்னும் பாடலில், ஏனைய வாத்தியங்கள் ஓய, அவர் தனித்து வாசித்த பகுதி ஏறக்குறைய இருபது வினாடி நீளமானது. 'பப்ளிக் எனிமி' குழுவினர் 1989 இல் வெளியிட்ட 'பைற் த பவர்' உட்பட நூற்றுக்கணக்கான பாடல்களின் அடித்தளத்தில் அந்த இருபது வினாடிகள் இயங்குகின்றன. அமெரிக்கச் சட்டம் இருவகை உரிமையை ஏற்கின்றது: பாடலை இயற்றியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் சொந்தக்காரரின் உரிமை மற்றொன்று. ஸ்ரபிள்பீல்ட் இவ்விரண்டினுள்ளும் அடங்கார். பாடலாக்கியவராகப் பதிவானவர் பிறவுண், ஒலிப்பதிவு நிறுவனத்துக்குரியது. தாளம் வாசித்தவர் கூலிக்கு அமர்ந்தவர். 2017 இல் அவர் இறக்கும் வரை அந்த ஒலியிலிருந்து உரிமைப்பங்கு அவருக்குச் சேரவில்லை. களவு என்ற சொல் றப் இளைஞரை நோக்கியே வீசப்பட்டது. அனுமதிக் கட்டணம் கொடுக்கப்பட்டபோதும் தாளம் வாசித்த கைக்கு எதுவும் வரவில்லை. எனவே இங்குள்ள முரண்பாடு பழைய இசைக் கலைஞருக்கும் புதிய இசைக் கலைஞருக்கும் இடையிலானதன்று. இருவகை உழைப்பாளிகள் ஒருபுறமும், பதிவின் சொந்தக்காரர் மறுபுறமுமாக நிற்கும் முரண்பாடு அது.

தமிழிசை உலகிலும் இவ்வினா இன்று கூர்மையடைந்துள்ளது. தமது பாடல்களை அனுமதியின்றி மேடையிற் பாடலாகாதென இளையராஜாவின் சார்பில் 2017 இற் பாலசுப்பிரமணியத்துக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டது. 2024 இல் 'மஞ்ஞும்மல் போய்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் 'குணா' படப் பாடல் கையாளப்பட்டமை தொடர்பிலும் அறிவித்தல் சென்றது. இசையமைப்பாளரின் உழைப்பைத் தயாரிப்பாளரும் இசைத்தட்டு நிறுவனமும் ஒருமுறை ஊதியத்தோடு முற்றாகக் கொண்டுவிட்ட பழைய நிலையை நோக்கின், இக்கோரிக்கையின் நியாயத்தை மறுத்தல் ஆகாது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கைவிட முடியாத உரிமைப்பங்கை இந்தியா 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே உறுதிசெய்தது. ஆயினும் உரிமை பற்றிய விவாதம் இசையமைப்பாளரோடு நின்றுவிடுதல் போதாது. ஒரு பாடலைக் கேட்டவுடன் நாம் இனங்காணும் வயலின் வரியையும் தாளக்கட்டையும் எழுப்பியவர் யார்? பழைய திரைப்பட இசைத்தட்டு உறைகளிற் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை. ஒவ்வோர் ஒலிப்பதிவுக் கூடத்திலும் ஸ்ரபிள்பீல்ட்டுகள் இருந்தனர்.

அரிப்புக் கரைக்கு இவ்விடத்து ஒன்று கூற உண்டு. 1905 இல் இக்கரைக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களில் நிகழ்ந்த பெருங் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சுழியோடிகள் கொண்டுவந்த சிப்பிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தோருக்கும் சென்றன. அந்த ஒரு பங்கையும் கயிறு பிடித்தோருடனும் படகுக்காரருடனும் அவர்கள் பகிர வேண்டியிருந்தது. அது நீதியான பங்கீடு என்று நாம் கூறவில்லை. கடலின் அடித்தளத்தைத் தன் உடைமையாக்கிய குடியேற்ற அரசு விதித்த பங்கீடு அது. எனினும், மூச்சடக்கிச் சிப்பியை எடுத்தவனுக்கு அச்சிப்பியில் ஒரு பங்கு உண்டென்பதை அந்த அரசினாலும் மறுக்க முடியவில்லை. நவீன இசைத் தொழிலோ தாளம் வாசித்த கைக்கு அந்த மூன்றிலொன்றைக்கூட ஒதுக்கவில்லை.

6

இவ்வாராய்ச்சி நமக்கு விட்டுச்செல்லும் கடமை யாது? பழைய ஒலியைப் புதியோர் கையாளுதலைத் தடுத்தல் நமது நோக்கமாகாது. அவ்வாறு தடுத்திருப்பின் சோல் பிறந்திராது. ஹிப் ஹொப் பிறந்திராது. மன்னாரின் கூத்துக்கள் ஓரிரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்திரா. பொதுமை என்பது பயன்படுத்தும் உரிமை. உழைத்தவரின் பெயரை அழிக்கும் உரிமையன்று.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்கின் வெளிப்பாடுகளுக்குத் தனிப் பிரிவொன்றிற் பாதுகாப்பு வழங்குகின்றது. அவை எந்தச் சமூகத்திலிருந்து, எவ்விடத்திலிருந்து பெறப்பட்டன எனக் குறிப்பிடுதலையும் அது வேண்டி நிற்கின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் மேலே கூறிய வேறுபாட்டின்படி, சமூகத்தின் பெயர் மெட்டுக்குப் போதும், ஒலிப்பதிவுக்குப் போதாது. 'மன்னார் நாட்டார் பாடல்' என்ற பொதுப் பெயரின்கீழ் ஒரு முதிய அண்ணாவியாரின் குரல் பதிவாகுமாயின், அவர் ஸ்ரபிள்பீல்ட்டின் நிலையையே அடைவார். இன்று கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் ஒலிப்பதிவுக் கருவி. அம்பாப் பாடலின் ஓர் அடியோ, கூத்தின் ஒரு வரவு விருத்தமோ, மத்தளத்தின் ஒரு சுற்றோ எந்நாட்டிலும் எவராலும் வெட்டி எடுக்கப்படலாம். நாளை அதன்மீது சிறந்தவொரு பாடல் எழவும் கூடும்.

அவ்வாறு எழுமாயின் நாம் மகிழ்வோம். ஆனால் அதற்கு முன்னர், களஆய்வுக்குச் செல்லும் பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பாடலோடு சேர்த்துப் பதிதல் வேண்டும். அவர்தம் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். பதிவின் பிரதியொன்றை அவர்களிடமே கையளித்தலும் வேண்டும். பிற்பாட்டுக்காரரின் பெயரும் விடுபடலாகாது. பழைய பாட்டுப் புத்தகம் 'இன்ன மெட்டு' எனக் குறித்தது. ஒலி உறைந்து விற்பனைப் பொருளாகிய இக்காலத்தில், 'இன்னார் குரல், இன்னார் கை' எனவும் நாம் குறித்தாக வேண்டும்.